கட்டைவிரலும் கைச்சக்கரமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைச்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளியை விட்டுப் புறப்படும் பேருந்து ஏறக்குறைய நாலாயிரம் அடி ஏறி ஏற்காட்டை அடைகிறது. அதற்கப்பால் காப்பித் தோட்டங்களின் நிழலூடே நாகலூர் முதலிய மலையூர்களுக்கு வழிகள் பிரிகின்றன. அவ்வளைவுகளில் ஓட்டுநரின் கைகளை ஊன்றி நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். ஸ்டீயரிங் சக்கரத்தை அவர் ஒருமுறை சுழற்றி நிறுத்துவதில்லை. கைமாற்றிக் கைமாற்றி இரண்டு சுற்றுக்கு மேலும் சுழற்றுகிறார். வளைவு முடியுமிடத்தில் பிடியைத் தளர்த்துகிறார். சக்கரம் தானே பின்னோக்கிச் சுழன்று நேராகிறது. அது எவ்வளவு விரைவில் நேராகிறது என்பதைக் கொண்டே சாலையின் தன்மையை அவர் உள்ளங்கை உணர்ந்துகொள்கிறது.

அம்மலையூர்களிலும் நம் நாட்டின் பிற ஊர்களிலும் இன்று வேறொரு சாரத்தியமும் நடைபெறுகின்றது. பாடம் படித்து முடித்த இளைஞர் ஒருவர் திரையின் முன் அமர்கிறார். கேம்பேட் எனப்படும் சிறு கருவியை இரு கைகளாலும் பற்றி, அதன் பொத்தான்களையும் தண்டுகளையும் கட்டைவிரலால் அசைத்து, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பந்தயக் காரைச் செலுத்துகிறார். சில காலம் சென்றபின் அதனை ஒதுக்கிவிட்டு, மேசையில் பொருத்தும் ஸ்டீயரிங் சக்கரம் ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார். அன்று அவர்க்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. நேற்றுவரை முதலில் வந்தவர் இன்று கடைசியில் வருகிறார். நேர்ச்சாலையில்கூட அவருடைய கார் குடித்தவன் நடைபோல் இப்பக்கமும் அப்பக்கமும் அலைகின்றது.

மேலான கருவியைப் பெற்றவர் ஏன் கீழே இறங்கினார்? பின்னர் அக்கருவி அவருக்கு எதனைக் கற்பிக்கிறது? கற்றது உண்மைச் சாலைக்கு உதவுமா? மாணவ நண்பர்களே, இவ்வினாக்களுக்கு விடை காண நூற்றுமுப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். திரையில் இன்று நிகழும் இம்மாற்றத்தை மோட்டார் வண்டியே தன் இளம்பருவத்தில் ஒருமுறை அடைந்திருக்கிறது.

மோட்டார் தோன்றுமுன் வண்டியைத் திருப்பும் பொறுப்பு முழுவதும் மனிதனிடம் இருந்ததில்லை. மாட்டுவண்டிக்காரர் கயிற்றைச் சற்றே இழுத்தால் போதும். பள்ளத்தை விலக்குவதும் மேட்டைச் சுற்றிச் செல்வதும் மாட்டின் வேலை. சந்தை முடிந்து திரும்பும் இரவில் வண்டிக்காரர் உறங்கிவிட்டாலும் மாடுகள் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் வேரூன்றியது 1820-களில், காக்பர்ன் என்பவர் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில். அந்நாளில் மலையேறியவர்கள் தம் கால்களையும் விலங்குகளின் கால்களையுமே நம்பினர். அடியெடுத்து வைக்குமிடத்தை விலங்கு தானே ஆராய்ந்து வைத்தது. எந்திரம் வந்தபோது விலங்கின் அறிவு வண்டியை விட்டு நீங்கிற்று. அவ்வறிவு முழுவதும் மனிதனின் கைக்கு வந்து சேரவேண்டியதாயிற்று.

ஆனால் கையில் எதனைக் கொடுப்பது? ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டு தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றபோது, அதில் ஸ்டீயரிங் சக்கரம் இல்லை. மூன்று சக்கர வண்டியாகிய அதன் முன்சக்கரத்தைத் திருப்ப, செங்குத்தான தண்டின் உச்சியில் ஒரு சிறு கைப்பிடி மட்டுமே இருந்தது. 1888-இல் அவருடைய மனைவியார் பெர்த்தா பென்ஸ், தம் புதல்வர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் நகர்வரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை இத்தகைய வண்டியிலேயே கடந்தார். வேறு பல வண்டிகளில், ஓடக்காரர் கையாளும் சுக்கான் தடியைப் போன்றதொரு நீண்ட தடி அமைக்கப்பட்டது. வண்டி மெல்லச் சென்றவரை இவற்றால் பெருங்குறை நேரவில்லை.

வேகம் கூடியபோதுதான் குறை வெளிப்பட்டது. தடி அசையக்கூடிய எல்லை சிறியது. அச்சிறிய எல்லைக்குள் இடக்கோடி முதல் வலக்கோடி வரை எல்லாத் திருப்பங்களும் அடங்கவேண்டும். எனவே கை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் வண்டி பெரிதாகத் திரும்பிவிடும். மற்றொன்று, முன்சக்கரம் ஒரு கல்லில் மோதினால் அவ்வதிர்ச்சி தடியின் வழியே நேராகக் கையைத் தாக்கும், பிடி நழுவும். 1895-இல் பாரிஸிலிருந்து போர்டோ சென்று மீண்ட 1,178 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் எமில் லெவாசோர் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதியாக ஓட்டி, யாவர்க்கும் முன்னதாக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் - மார்செய் பந்தயத்தில் அவருடைய வண்டி கவிழ்ந்தது. அக்காயங்களிலிருந்து முற்றும் தேறாமலே 1897 ஏப்ரலில் அவர் காலமானார். அவருடைய வண்டியைத் திருப்பியது சக்கரமன்று, தடியே.

இதற்குமுன்பே ஒருவர் வேறு வழியைக் காட்டியிருந்தார். 1894 ஜூலையில் நடந்த பாரிஸ் - ரூவான் ஓட்டத்தில் ஆல்பிரட் வாஷெரோன் என்பவர் தம் பனார் வண்டியில் தடியை நீக்கிச் சக்கரத்தைப் பொருத்தி வந்தார். 1898 அளவில் பனார் நிறுவனம் தன் வண்டிகளுக்குச் சக்கரத்தையே அமைக்கத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பிற நிறுவனங்களும் பெரும்பாலும் அவ்வழியைப் பின்பற்றின.

சக்கரம் செய்த உதவி யாது? சுழற்சிக்குத் தடியைப் போலக் குறுகிய எல்லை இல்லை. சக்கரத்துக்கும் டயருக்கும் இடையே பற்சக்கரங்களை அமைத்துவிட்டால், கை நெடுந்தூரம் சுழல, டயர் சிறிதளவே திரும்பும். இதனால் கைக்கு நுட்பம் வந்தது, வலிமையும் வந்தது. கல்லில் மோதும் அதிர்ச்சியும் இடையிலேயே தணிந்து, தாக்குதலாக அன்றிச் செய்தியாகக் கைக்கு வந்து சேர்ந்தது. கைக்கு அகன்ற எல்லை, சாலையிலிருந்து கைக்குச் செய்தி ஆகிய இவ்விரண்டையும் நினைவில் கொள்ளுங்கள். இனி வரும் வரலாறு முழுவதும் இவ்விரண்டையும் பற்றியதே.

இப்போது திரைக்கு வருவோம். மோட்டார் வண்டியின் வரலாறு தடியில் தொடங்கிச் சக்கரத்தில் முடிந்தது. திரை விளையாட்டின் வரலாறோ சக்கரத்தில் தொடங்கிற்று. 1974-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட கிரான் டிராக் 10 என்னும் பந்தய விளையாட்டுப் பெட்டியிலேயே ஸ்டீயரிங் சக்கரமும், கால்மிதிகளும், கியர் தண்டும் இருந்தன. 1982-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட போல் பொசிஷன் என்னும் விளையாட்டு, அந்நாட்டின் பூஜி பந்தயத் தடத்தையே திரையில் காட்டியது, அதற்கும் சக்கரமே. இவை கடைகளிலும் கேளிக்கைக் கூடங்களிலும் நின்ற பெரிய பெட்டிகள். காசு போட்டு ஆடுவோர்க்கு உரியவை.

விளையாட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது சக்கரம் வெளியே நின்றுவிட்டது. ஒரே கருவியைக் கொண்டு நூறு வகை விளையாட்டுகளை ஆடவேண்டும். அது மடியில் அடங்கவேண்டும். விலையும் மலிவாக இருக்கவேண்டும். நின்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பே யோகோய் 1982-இல் கட்டைவிரலால் அழுத்தும் சிலுவை வடிவப் பொத்தானை ஒரு கையடக்க விளையாட்டில் அமைத்தார். 1983-இல் அதே நிறுவனத்தின் வீட்டுக் கருவியில் அப்பொத்தான் இடம்பெற்றது. அதனைத் தழுவியே உலகெங்கும் கேம்பேடுகள் எழுந்தன.

பொத்தானுக்கு அழுத்தம், விடுதலை என்னும் இரண்டு நிலைகளே உண்டு. சிறிதளவு திரும்புதல் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆகவே ஆடுவோர் பொத்தானைத் தட்டித் தட்டி வளைவைக் கடந்தனர். 1996-இல் நின்டெண்டோவும் 1997-இல் சோனியும் கட்டைவிரலால் சாய்க்கக்கூடிய சிறு தண்டைக் கொண்ட கேம்பேடுகளை வெளியிட்டன. தண்டை எவ்வளவு சாய்த்தோமோ அவ்வளவு கார் திரும்பும். பொத்தானை நோக்க இது பெரும் முன்னேற்றமே. எனினும் அத்தண்டு அசையும் எல்லை ஓர் அங்குலத்துக்கும் குறைவு. நூறாண்டுக்கு முன் லெவாசோரின் கையில் இருந்த சுக்கான் தடி, உருவில் சுருங்கிக் கட்டைவிரலின்கீழ் மீண்டும் பிறந்தது எனலாம்.

அவ்வாறாயின், தண்டைக் கொண்டு இளைஞர்கள் எங்ஙனம் அத்துணை வேகமாக ஓட்டுகின்றனர்? அங்கேதான் மறைவான துணை ஒன்று உண்டு. விரல் தண்டைச் சட்டென்று முழுவதும் சாய்த்தாலும், பல விளையாட்டுகளின் மென்பொருள் டயரைச் சட்டென்று திருப்புவதில்லை. மெல்ல மெல்லத் திருப்புகிறது. வேகம் மிகுந்தால் திருப்பத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விரலின் முரட்டுத்தனத்தை எந்திரம் திருத்துகிறது. மாட்டுவண்டிக்காரருக்கு மாடு எவ்வாறோ, கேம்பேடு பிடித்தவருக்கு மென்பொருள் அவ்வாறு. வழி அறிந்த மாடு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் வண்டியை இழுத்துச் செல்கிறது.

சக்கரத்தைப் பூட்டிய அன்று அந்த மாடு அவிழ்ந்துவிடுகிறது. நம் இளைஞர் கடைசியில் வந்ததன் காரணம் இதுவே. அவருடைய திறமை குறையவில்லை. அதுவரை வேறொருவர் செய்துவந்த வேலை இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது.

சக்கரம் வீட்டுக்குள் வந்த வரலாறும் படிப்படியானதே. 1989-இல் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் கேளிக்கைக் கூடங்களுக்கு வழங்கிய ஹார்டு டிரைவிங் என்னும் விளையாட்டுப் பெட்டியில், சக்கரம் ஆடுவோரின் கையை எதிர்த்துத் தள்ளும்படி மோட்டார் அமைக்கப்பட்டிருந்தது. 2001-இல் சோனி கருவியில் ஆடும் கிரான் டுரிஸ்மோ 3 என்னும் விளையாட்டுக்காக லாஜிடெக் நிறுவனம் அத்தகைய எதிர்விசைச் சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று, சுழலும் சக்கரங்கள் வந்தன. 2006-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஜி25 என்னும் கருவியில் கிளட்சோடு மூன்று மிதிகளும் கியர் தண்டும் இருந்தன. கை அசையும் எல்லை உண்மைக் காருக்கு நிகராயிற்று.

எல்லையைவிட முக்கியமானது அந்த எதிர்விசை. கார் வளைவில் செல்லும்போது முன் டயர்கள் நேராகிவிட முயலும். அம்முயற்சியே சக்கரத்தின் கனமாகக் கையில் உணரப்படும். வளைவு கூடக்கூடக் கனமும் கூடும். ஆனால் டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது அக்கனம் திடீரெனக் குறையத் தொடங்கும். கை இலேசாவதை உணர்ந்த ஓட்டுநர், வண்டி வழுக்கப்போகிறது என்பதைக் கண் காணுமுன்னரே அறிந்துகொள்வார். திரை விளையாட்டில் கணினி இவ்விசையைக் கணக்கிட்டுச் சொல்ல, சக்கரத்திலுள்ள மோட்டார் அதனைக் கையில் காட்டுகிறது. கேம்பேடு நடுங்கி எச்சரிக்கும். எப்பக்கம், எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்லாது. சக்கரம் இரண்டையும் சொல்லும்.

ஆதலின் புதிதாகச் சக்கரம் பற்றுவோர் முதலில் பழகவேண்டியது கேட்கும் பழக்கம். ஒரே காரையும் ஒரே தடத்தையும் தெரிந்துகொண்டு, வேகத்தைக் குறைத்துப் பல நாள் ஓட்டவேண்டும். சக்கரத்தை இறுகப் பற்றினால் அதன் சொல் கைக்கு எட்டாது. வளைவின் முடிவில் அதனைத் தானே திரும்ப விடவேண்டும். திரையிலுள்ள காரின் சக்கரமும் கையிலுள்ள சக்கரமும் ஒரே அளவு சுழலுமாறு அமைத்துக்கொள்ளவேண்டும். சில வாரங்கள் சென்றால் இழந்த வேகம் திரும்பும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் போலவே அமையும் ஒழுங்கும் அதனுடன் வரும்.

இங்ஙனம் கற்ற கை உண்மைக் காரில் உதவுமா? உதவும் என்பதற்குச் சான்று உண்டு. விமானிகளுக்கு நிலத்திலேயே பயிற்சியளிக்கும் பொறியை எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் 1929-இல் அமைத்தார். அவ்வழியில் பயின்றோர் பல்லாயிரவர். மோட்டார்த் துறையில், நிசான், சோனி நிறுவனங்கள் 2008-இல் திரைப் பந்தய வீரர்களுள் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கப் போட்டி ஒன்று நடத்தின. அதில் வென்ற ஸ்பெயின் நாட்டு மாணவர் லூகாஸ் ஒர்டோனியெஸ், உண்மைக் காரில் முறையாகப் பயின்று உரிமம் பெற்று, 2011-இல் பிரான்சின் லெ மான் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். பார்முலா ஒன் பந்தயத்தில் 2009 முதல் பருவத்தின் இடையே வெள்ளோட்டம் விடுவது தடுக்கப்பட்டபின், பயிற்சிப் பொறிகளின் இன்றியமையாமை மேலும் மிகுந்தது.

ஆயினும் இவ்விடத்தில் வரலாறு மற்றொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அதனை மலைநாட்டு இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்கவேண்டும்.

பந்தயத்தில் வளைவைக் கடக்கும் முறை ஒன்று உண்டு. சாலையின் வெளியோரத்திலிருந்து தொடங்கி, வளைவின் உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்குச் செல்லவேண்டும். சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தினால் வளைவு நேராகும், வேகம் குறையாது. திரையில் சக்கரம் பற்றியவர் நாள்தோறும் பயில்வது இதனையே. பந்தயத் தடத்தில் அது கலை. ஏற்காட்டு மலைச்சாலையில் அது கொலைக்கு ஒப்பாகும். அங்கே சாலையின் மறுபாதி எதிரே வருபவர்க்கு உரியது. வளைவின் மறைவில் காப்பி மூட்டை ஏற்றிய லாரி வரலாம். பள்ளிப் பிள்ளைகள் நடந்து வரலாம். மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதிருக்கலாம்.

ஐரோப்பா இப்பாடத்தை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. தொடக்ககாலப் பந்தயங்கள் பொதுச் சாலைகளிலேயே நடந்தன. 1903 மே மாதத்தில் பாரிஸிலிருந்து மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயத்தில் ஓட்டியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் மாண்டனர். ரெனோ நிறுவனத்தைத் தோற்றுவித்த சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனோவும் உயிரிழந்தார். போர்டோவில் பந்தயம் நிறுத்தப்பட்டது. 1907-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸில் பந்தயத்துக்கென்றே தனித் தடம் திறக்கப்பட்டது. வேகத்துக்கு வேலியிட்ட இடம் வேண்டும் என்பதை உலகம் மெல்ல உணர்ந்தது.

தமிழ்நாட்டின் பந்தய வரலாறும் இதனையே காட்டுகிறது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளமாகிய சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே அமைந்தது. பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியராக 2005-இல் களமிறங்கிய நரேன் கார்த்திகேயன் கோவையில் வளர்ந்தவர். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது, அது நகரச் சாலையே ஆயினும், பொதுப் போக்குவரத்தை நிறுத்தி இருபுறமும் தடுப்பு எழுப்பிய பின்னரே கார்கள் விடப்பட்டன. மாநில அரசின் எழுத்துமூலமான இசைவின்றிப் பொதுவிடத்தில் மோட்டார்ப் பந்தயம் நடத்துவதும் அதில் கலந்துகொள்வதும் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாகும்.

மேசையில் பூட்டிய சக்கரம் சொல்லாதவை வேறு பலவும் உண்டு. வளைவில் உடல் ஒருபுறம் சாயும் உணர்ச்சியை அது தராது. மலையிறக்கத்தில் இடைவிடாது மிதித்த பிரேக் சூடேறி வலுவிழப்பதைக் காலுக்கு உணர்த்தாது. அதனாலன்றோ, ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்கு என்று மலையோட்டுநர்கள் இளையவர்க்குச் சொல்கின்றனர்! குறுகிய இடத்தில் மேலேறும் வண்டிக்கு வழிவிட்டு இறங்கும் வண்டி நிற்கவேண்டும் என்னும் ஒழுக்கத்தையும் திரை கற்பிப்பதில்லை. திரையில் கார் பள்ளத்தில் வீழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்த, அது முன்போல் சாலையில் நிற்கும். சேர்வராயன் மலையில் அப்பொத்தான் இல்லை.

ஆகவே, கேம்பேடை விட்டுச் சக்கரத்தைப் பற்றும் இளைஞரைத் தடுக்கவேண்டியதில்லை, பாராட்டலாம். விரலுக்கு எந்திரம் செய்த உதவியைத் துறந்து, கையின் அறிவைத் தேடிப் புறப்பட்டவர் அவர். லெவாசோர் காலத்தவர் உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை அவர் மேசைமுன் அமர்ந்து இடரின்றிக் கற்கிறார். கற்றதில் எதனை எங்கே கொண்டுசெல்வது என்பதே அவர் அறியவேண்டியது. வேகத்தையும், சாலையின் முழு அகலத்தையும் ஆளும் துணிவையும் பந்தயத் தடத்திலேயே வைத்துவிடவேண்டும். கையைத் தளர்த்திப் பிடிக்கும் பழக்கத்தையும், சக்கரம் சொல்வதைக் கேட்கும் பொறுமையையும் மட்டும் மலைக்குக் கொண்டுவரலாம். உரிய வயதும் உரிமமும் பெற்றபின் அவை அவர்க்குத் துணைநிற்கும். மலைச்சாலையில் முதலிடம் என்று ஒன்றில்லை. உறங்கும் குழந்தை விழிக்காதவாறு இருபது வளைவுகளையும் கடப்பவரையே அங்கே நல்ல ஓட்டுநர் என்பர்.